ஒளிப்பாயை நிறுத்திய ஞாயிற்றுக்கிழமை

பல்லடத்தில் எங்கள் வானியல் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும். போன வருடம் ஒரு முறை அங்கே பேச என் பெயர் வந்தது. பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேலை பார்க்கும் எனக்கு வானம் என்றால் பைத்தியம். கப்பல் பாய் மாதிரி விரித்த மெல்லிய பாயை லேசர் ஒளி தள்ளித் தள்ளி இன்னொரு நட்சத்திரத்துக்குப் போகும் ஒளிப்பாய்க் கலம், அங்கே போனதும் வேகத்தை எப்படிக் குறைக்கும்? இதுதான் நான் எடுத்துக்கொண்ட விஷயம். பிரேக் பிடிக்க அங்கே தரையும் இல்லை, காற்றும் இல்லை. அந்த நட்சத்திரத்தின் வெளிச்சமே எதிரே தள்ளினால்தான் உண்டு.

வெறுமனே பேசினால் தூங்கிவிடுவார்கள் என்று, எங்கள் ஊர் மண்ணரையில் வீட்டுக் கூடத்தில் நானும் கணவரும் ஒரு மாதிரி செய்து பார்த்தோம். இழுத்துக் கட்டிய நைலான் கயிற்றில் ஒரு ஸ்ட்ரா, அதில் தொங்கும் பாய், இரு முனையிலும் டேபிள் ஃபேன். பின்னால் இருப்பது லேசர், முன்னால் இருப்பது நட்சத்திரம். முதலில் பனியன் துணியில் தைத்தேன். அது அசையவே இல்லை.

"காத்து பூரா உள்ள பூந்து போயிருது புள்ள. மழைக்கோட்டுத் துணில தெச்சுப் பாரு" என்றார் கணவர். அவர் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர். துணியை மாற்றியதும் பறந்தது.

பல்லடம் கூட்டத்தில் இரண்டு ஃபேனையும் முழு வேகத்தில் விட்டேன். பாய் சீறிப் போய் நட்சத்திரத்தின் கூண்டிலேயே மோதியது. எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஓர் அம்மா, "ஏனுங்க, அத்தன தூரம் போயி முட்டிக்கறதுக்கா? மெதுவாப் போனா என்னங்க?" என்றார்.

"போலாமுங்க. ஆனா போய்ச் சேர ரொம்பக் காலம் ஆயிருமுங்க."

"ஆகட்டுமுங்க. நின்னு பாக்கோணுமல்லங்க!"

அடுத்து நான் காட்ட இருந்ததும் அதைத்தான். பெரிய பாயை மாட்டி, லேசரைக் கொஞ்ச நேரம் மட்டும் ஓட்டி அணைத்தேன். பாய் மெதுவாகப் போனது, எதிர்க்காற்றில் தயங்கியது, நட்சத்திரத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. எனக்குப் புல்லரித்தது.

"ஐயோ, திரும்பி வருது புள்ள!" என்று கத்தினார் கூட வந்திருந்த கணவர். மறுபடி சிரிப்பு.

சரியான நேரத்தில் பாயைச் சாய்த்தால் கலம் அந்த நட்சத்திரத்தையே சுற்றலாம், கயிற்றில் அதைக் காட்ட முடியாது என்று சொல்லிச் சமாளித்தேன்.

வண்டியில் திரும்பும்போது அவர் கேட்டார்: "நெசமான பாய்க்கும் இந்தத் துணி தாங்குமா?"

"இல்லீங்க. தலைமுடிய விட எத்தனையோ மடங்கு மெல்லிசா வேணுமுங்க. வெட்டவோ தெக்கவோ நம்ம மெசின் ஆகாது."

கட்டிங் மாஸ்டர் முகம் வாடிவிட்டது. வழியில் நிறுத்தச் சொல்லி பரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.