சாலைக்கு அந்தப் பக்கம் கேட்ட குரல்

இன்றைக்கு எங்கள் பேண்டுக்கு ஸ்பீக்கர் வாங்க பினாங்கு ரோட்டுக் கடைக்குப் போனோம்.

நான் டிரம்ஸ் அடிப்பவன். நெஞ்சு அதிரும் பெரிய பெட்டிதான் வேண்டும் என்றேன்.

பாடுகிற சாந்தி அக்கா முறைத்தார். "கேசட் போட்டா எல்லாப் பொட்டியும் நல்லாத்தான் இருக்கும் லா. நான் பாடுறேன், நீ ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்க் கேளு. சனிக்கிழமை பட்டர்வொர்த் கல்யாணத்துலயும் என் குரல் அமுங்குச்சுன்னா, வேற ஆளப் பாத்துக்க."

போனேன். பெரிய பெட்டியில் வெறும் முழக்கம். சின்னதில், பஸ் இரைச்சலையும் தாண்டி ஒவ்வொரு சொல்லும் வந்தது.

இத்தனை நாளும் அவருக்குப் பின்னால் உட்கார்ந்துதான் அடித்திருக்கிறேன். முன்னால் நின்று கேட்டது இன்றுதான்.

"சின்னதே எடுப்போம்க்கா."

"பொட்டி மட்டும் போதாது தம்பி. நீயும் கொஞ்சம் மெதுவா அடி."

மெதுவாக அடிக்கும் கை எந்தக் கடையில் கிடைக்கும், டிரம்மர்களே?