இடது கையில் ஏற்றிய மருந்து

எண்பதுகளின் தொடக்கம். மருத்துவப் படிப்பை முடித்த கையோடு சங்கரன்கோவிலில் ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பெரிய டாக்டர் வெளியூர் போயிருந்த ஒரு நண்பகலில், கரிவலம்வந்தநல்லூரிலிருந்து மனைவியைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். அவள் பூக்கட்டிப் பிழைக்கிறவள். முப்பது வயது இருக்கும். காலில் முள் குத்திய புண் சீழ் பிடித்து, விஷம் இரத்தத்தில் கலந்துவிட்டிருந்தது.

ஆன்டிபயாடிக் ஊசி போட்டு, மூன்று பாட்டில் சலைன் ஏற்றியும் விழுந்துகிடந்த பிரஷர் எழும்பவில்லை. இனி மருந்து கொடுத்துத்தான் அதைத் தூக்க வேண்டும். எதை முதலில் கொடுப்பது? அங்கேதான் எனக்குக் குழப்பம் பிடித்தது. கல்லூரியில் டோபமின் என்ற புது மருந்தைத்தான் ஓயாமல் புகழ்ந்தார்கள். அதற்குத் திருநெல்வேலிக்குத்தான் போக வேண்டும். எங்கள் அலமாரியில் இருந்ததோ நார்அட்ரினலின். பழைய மருந்து. இரத்தக் குழாயைச் சுருக்கி விரலையே கருக்கிவிடும் என்று சீனியர்கள் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். விரலை நம்பிப் பிழைக்கிறவளுக்கு அதையா போடுவது?

கணவரிடம் சீட்டு எழுதிக்கொடுத்து, திருநெல்வேலிக்கு பஸ் ஏறச் சொன்னேன்.

"இங்கன ஒரு மருந்து இருக்குன்னு நர்ஸம்மா சொல்லுதாவ. பொறவு எதுக்கு என்னைய அங்கன அனுப்புதிய?" என்றார்.

"அதுதான் நல்ல மருந்து" என்று மட்டும் சொன்னேன். நம்பி ஓடினார்.

அவர் போன பிறகும் எனக்கு ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்தான். நர்ஸிடம் பழைய மருந்தை எடுக்கச் சொன்னேன். வேண்டாம் என்றேன். மறுபடியும் எடுக்கச் சொன்னேன்.

"ஏதாவது ஒண்ணு சொல்லுங்கம்மா" என்று அவர் எரிந்து விழுந்தார்.

அரை மணி நேரத்தில் அவளுடைய மணிக்கட்டில் நாடியே சிக்கவில்லை. அலமாரியில் இருந்ததையே சலைனில் கலந்தேன். சாப்பிடுகிற கை சும்மா இருக்கட்டும் என்று சலைன் ஊசியை இடது கையில்தான் குத்தியிருந்தேன். அதே ஊசி வழியாக மருந்தும் இறங்கியது.

"எரியுது" என்று அவள் முனகினாள். சற்று நேரம் கழித்து மறுபடியும், "கை எரியுதும்மா."

"கொஞ்சம் பொறுத்துக்கோம்மா" என்றேன். என் கண் பிரஷர் கருவியில் ஏறிக்கொண்டிருந்த பாதரசத்தில் இருந்தது.

பொழுது சாயும்போது கணவர் திரும்பி வந்தார். பிரஷர் அதற்குள் தொண்ணூறைத் தொட்டிருந்தது. மருந்துப் பெட்டியை இரண்டு கையாலும் நீட்டி, "இத எப்போ போடுவிய?" என்றார். நன்றாக ஓடுவதை நிறுத்தி இதைப் போடுவதா, விட்டுவிடுவதா? அதற்கும் ஒரு குழப்பம். கடைசியில் போடவில்லை.

மறுநாள் காலை, ஊசி இருந்த இடத்தில் தோல் வெளுத்துக் கிடந்தது. பிறகு கருத்தது. இரத்தக் குழாயிலிருந்து மருந்து வெளியே கசிந்திருக்கிறது. எரிச்சல்தான் அதற்கு முதல் அடையாளம். அவள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் புண் ஆறியபோது பெருவிரலும் ஆள்காட்டி விரலும் விறைத்துப்போய்விட்டன.

சில வாரம் கழித்துக் கையைக் காட்ட வந்தாள். அவளைத் தேற்றுவதாக நினைத்து, "இடது கைதானே, சமாளிச்சுக்கலாம்" என்று உளறினேன்.

"பூவ அடுக்கிப் பிடிக்கது இந்தக் கைதாம்மா. வலது கை நூலச் சுத்தத்தான செய்யும்?" என்றாள். பிறகு, "எரியுதுன்னு அன்னைக்கே சொன்னேம்லா" என்றாள். கோபமே இல்லை அவளிடம். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு.

இப்போது இந்த நிலைமைக்கு முதல் மருந்தே நார்அட்ரினலின்தான் என்கிறார்கள். இளம் டாக்டர்கள் அதைத் தயங்காமல் சொல்லும்போது, அப்படியானால் அன்று நான் செய்தது சரியா, அரை மணி நேரம் திகைத்து நின்றது தப்பா என்று இன்னும் எனக்குக் குழப்பம்தான். அவள் 'எரியுது' என்று சொன்னதில் மட்டும் அன்றைக்கும் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. என் காதில் நன்றாகவே விழுந்தது.