ரிலீவர் வராமல் இறங்கியவர்

ராயபுரத்தில் ஒரு மாதா கோயிலுக்குப் பின்னால் இயங்கிய சமுதாயக் கல்லூரியில் நான் சுற்றுலா மற்றும் விருந்தோம்பல் மேலாண்மை படித்தேன். ஒரு வருட டிப்ளமோ. ப்ளஸ் டூவில் எனக்கு வந்த மார்க்குக்கு வேறு எங்கும் இடம் கிடைக்காது என்று ஆனபிறகு, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வரும்போது அம்மா கையோடு கொண்டுவந்த நோட்டீஸில் இருந்த படிப்பு அது. அப்பா துறைமுகத்தில் கண்டெய்னர்களைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டும் வேலை பார்த்தார். "ஓட்டல் வேலையா?" என்று மட்டும் கேட்டார். அவர் சொல்லாமல் விட்டதைத் தெருவில் இருந்தவர்கள் சொன்னார்கள். "இன்னாம்மா, தட்டு கழுவறதுக்கும் இப்ப படிக்கணுமா?" என்று பக்கத்து வீட்டுக்காரம்மா கேட்டுச் சிரித்தபோது நானும் கூடவே சிரித்தேன். எனக்குள்ளும் அந்தக் கேள்விதான் இருந்தது.

வகுப்பறையின் ஒரு மூலையில் கட்டிலும் மெத்தையும் கிடக்கும். படுக்கை விரிக்கப் பழகுவதற்காக. இன்னொரு மூலையில் பழைய மேசை, அதன்மேல் ஒரு மணி, இணைப்பில்லாத ஒரு தொலைபேசி. அதுதான் எங்கள் ரிசப்ஷன். ஒருத்தி விருந்தினராக வருவாள், ஒருத்தி வரவேற்பாள். என் முறை நெருங்கினாலே கை வேர்த்துவிடும். ஆங்கிலம் மட்டும் காரணமில்லை, என் தமிழைக் கண்டே எனக்குப் பயம். ஒருநாள் "இன்னா சார் வேணும்?" என்று வாயில் வந்துவிட்டது. வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் அப்படித்தான் பேசுவார்கள். மிஸ் மட்டும் சிரிக்கவில்லை.

"வீட்ல எப்படி வேணா பேசு. கவுன்ட்டர்ல நின்னா 'சொல்லுங்க சார்'. அவ்வளவுதான்," என்றார்.

அதன்பிறகு ஷேர் ஆட்டோவில் ஒடுங்கி உட்கார்ந்து வரும்போதெல்லாம் "சொல்லுங்க சார், சொல்லுங்க சார்" என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வருவேன். பக்கத்தில் இருப்பவர்கள் செபம் சொல்கிறேன் என்று நினைத்திருக்கலாம்.

மிஸ் இன்னொன்றும் சொல்வார். "உனக்கு வயித்து வலியா இருக்கலாம், வீட்ல சண்டையா இருக்கலாம். கெஸ்ட்டுக்கு அது தெரியக்கூடாது. முகத்துல எதுவும் காட்டக்கூடாது." எனக்கு அது வரவே வராது. மனசில் என்ன ஓடினாலும் முகம் சொல்லிவிடும்.

கடைசிப் பருவத்தில் டிரெயினிங்குக்காக டோல்கேட் பக்கம் ஒரு ஓட்டலில் என்னைச் சேர்த்தார்கள். துறைமுகங்களுக்கு வந்து கப்பல் ஏறப் போகிறவர்களும் கப்பலிலிருந்து இறங்கியவர்களும் தங்கும் ஓட்டல் அது. ஷிப்பிங் ஏஜெண்டுகள் ரூம் போட்டுக் கொடுப்பார்கள். என்னை ரிசப்ஷனில் நிறுத்தினார்கள். புடவை, இறுக்கிக் கட்டிய கொண்டை, கறுப்பு ஷூ. தவறாக ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பயந்துகொண்டேதான் நிற்பேன்.

ஒருநாள் மதியத்துக்கு முன்னால் ஒருவர் பெரிய பையை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார். எண்ணூரில் கப்பலிலிருந்து அன்று காலைதான் இறங்கியிருந்தார். தூத்துக்குடிக்காரர். முப்பத்தைந்து வயது இருக்கலாம். வெயிலில் கறுத்த முகம் முழுக்கச் சிரிப்பு.

"தங்கச்சி, சுடுதண்ணி வருமா? கப்பல்ல எவ்வளவு குளிச்சாலும் உடம்பெல்லாம் எண்ணெய் வாடை."

"வரும் சார்."

"எனக்கு இன்னும் காண்டிராக்ட் முடியல. திடீர்னு கேப்டன் கூப்பிட்டு, உன்னய இறக்குதோம், வீட்டுக்குப் போன்னுட்டாரு. கிறிஸ்மஸுக்குக் கூட வீட்ல இருக்க மாட்டோம்னு நெனச்சேன். லக்கு பாத்தியா?"

நானும் சந்தோஷமாகத்தான் சிரித்தேன். அவருடைய போன் கப்பலிலேயே தண்ணீரில் விழுந்து கெட்டுவிட்டதாம். "குளிச்சிட்டு வாறேன். வீட்டுக்கு ஒரு போன் போட்டுத் தா," என்று சாவியை வாங்கிக்கொண்டு மேலே போனார்.

அவர் போனபிறகு மேனேஜர் என்னை உள்ளே கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"பாப்பா, கவனமா கேளு. இப்ப வந்தாரே, அவரோட அம்மா இறந்துட்டாங்க. அவருக்குத் தெரியாது. வீட்டுக்காரங்க சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டாங்களாம். தனியா போற ஆளு, வழியில ஏதாச்சும் ஆயிடும்னு பயப்படறாங்க. சாயங்காலம் ஏஜெண்ட் வந்து ஏர்போர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாரு. அதுவரைக்கும் போன் கேட்டா லைன் இல்லைன்னு சொல்லு. வெளிய போகணும்னா, ஏஜெண்ட் இருக்கச் சொன்னாருன்னு சொல்லு. அவசரம்னா அவரோட அக்கா நம்பர் இது."

நம்பர் எழுதிய துண்டை மேசையில் ஒட்டிவிட்டு, வெளிவேலை இருப்பதாகச் சொல்லி அவர் கிளம்பிவிட்டார். 'நீங்களே இருங்க சார்' என்று கேட்கத் தோன்றியது. டிரெயினிங்குக்கு வந்தவள் எப்படிக் கேட்பது?

கவுன்ட்டருக்கு வந்து நின்றேன். மாடிப்படியில் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர்தான் என்று நினைத்து விறைத்துப் போனேன். ரூம்களில் படுக்கைத் துணி மாற்றும் வேலைக்கு வந்த அக்காவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவர் வியாசர்பாடிக்காரர்.

"ஐயோ பாவமே," என்று வாயில் கை வைத்தார். "நீ வாயத் தொறக்காத. தனியா கீறாரு. மயக்கம் போட்டு வுழுந்தாருன்னா யாரு புடிக்கிறது?"

"கேட்டா இன்னாக்கா சொல்றது?"

"லைன் இல்லன்னு சொல்லு. அவங்க வூட்டு ஆளுங்களே வாணாம்னு சொல்லிக்கிறாங்க இல்ல? நமக்கு இன்னாத்துக்கு பேஜாரு?"

அக்கா சொன்னதில் தப்பில்லை. வீட்டுக்காரர்கள் சொன்னதிலும் தப்பில்லை. ஆனால் அவர் ஈரத்தலையோடு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இறங்கி வந்து எதிரே நின்றபோது 'லைன் இல்லை' என்ற அந்த இரண்டு வார்த்தையை என்னால் சொல்ல முடியவில்லை.

"போட்டுத் தாறியா, தங்கச்சி?"

"மேனேஜர் வரட்டும் சார். கேட்டுட்டுச் சொல்றேன்."

"லோக்கல் கால் மாதிரிதானே இப்ப எல்லாம்?"

"மேனேஜர் வந்துடுவாரு சார்."

சரி என்று சோபாவில் உட்கார்ந்தார். பேப்பரைப் புரட்டினார். அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கப்பல் எந்த நாட்டில் நின்றாலும் சாப்பிட்டாயா என்றுதான் அம்மா முதலில் கேட்பாளாம். கடைசியாகப் பேசியபோது முட்டி வலி என்று சொன்னாளாம். நான் "ஆமாம் சார், ஆமாம் சார்" என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தேன். அதில் பார்க்க ஒன்றும் இல்லை. மேனேஜர் சீக்கிரம் வந்துவிட வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டேன்.

நிமிர்ந்து பார்த்தேன். பேப்பர் மடியில் கிடந்தது. அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரிலீவர் வரல," என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"ஒரு ஆள இறக்கணும்னா அவன் வேலைக்கு இன்னொரு ஆளு ஏறணும். அவன்தான் ரிலீவர். அவன் வராம யாரையும் விட மாட்டாங்க. என் எடத்துக்கு யாரும் ஏறல." எழுந்து கவுன்ட்டருக்கு வந்தார். "கேப்டனே வந்து கைகுடுத்து அனுப்புனாரு. அப்ப எனக்குத் தோணல. ஏம்மா, உங்கிட்ட எதுவும் சொல்லிருக்காவளா?"

'தெரியாது சார்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, கொஞ்சம் உக்காருங்க," என்றேன். சார் போய் எப்போது அண்ணே ஆனார் என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவைக் கூப்பிட்டு அவர் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு, உள்ளே மேனேஜர் அறையிலிருந்து அந்த நம்பருக்குப் போட்டேன். விரல் இரண்டு முறை தப்பான எண்ணை அழுத்தியது.

அவருடைய அக்கா எடுத்தார். பின்னால் பெண்கள் செபமாலை சொல்லும் சத்தம் கேட்டது. நான் யாரென்று சொல்லி, "அவருக்குச் சந்தேகம் வந்துடுச்சுங்க. அவரே கண்டுபுடிச்சுட்டாரு. என்னால மறைக்க முடியல," என்றேன்.

செபமாலைச் சத்தம் குறைந்தது; போனோடு அவர் தள்ளி வந்திருக்க வேண்டும்.

"பக்கத்துல யாராச்சும் இருக்கியளா?"

"நான் இருக்கேன். இன்னொரு அக்காவும் இருக்காங்க. தனியா விட மாட்டோம்."

"அப்ப குடும்மா. நானே சொல்லுதேன்."

ரிசப்ஷன் போனுக்கு இணைப்பை மாற்றிக் கொடுத்தேன். அவர் ரிசீவரைக் காதில் வைத்து "அக்கா" என்றார். அதன்பிறகு கேட்டுக்கொண்டே இருந்தார். "எப்ப?" என்று ஒருமுறை கேட்டார். "நான் வர்ற வரைக்கும் வச்சிருக்கியளா?" என்று ஒருமுறை கேட்டார். முடிந்ததும் ரிசீவரை வைக்கத் தெரியாதவர் மாதிரி கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். நான் வாங்கி வைத்தேன். முழங்கால் மடங்கிச் சரிந்தவரை, வாயைத் திறக்காதே என்று சொன்ன அந்த அக்காதான் தோளோடு அணைத்துப் பிடித்துச் சோபாவில் உட்கார வைத்தார். "அழுதுடு நைனா, அழுதுடு," என்று முதுகைத் தடவினார். அவர் சத்தம் போட்டு அழுதார். உள்ளே வந்த இரண்டு விருந்தினர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

மேனேஜரும் ஏஜெண்டும் சாயங்காலம் ஒன்றாக வந்தார்கள். ஏஜெண்ட் என்னைப் பார்த்துக் கத்தினார். "வழியில ஏதாச்சும் ஆச்சுன்னா யார் பொறுப்பு? நீயா?" கிளம்பும்போது அந்தத் தூத்துக்குடி அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. பையைத் தூக்கவும் மறந்து காரில் ஏறினார். டிரைவர்தான் வந்து எடுத்துப் போனார்.

மறுநாளே என்னை ரிசப்ஷனிலிருந்து எடுத்து, படுக்கை விரிக்கும் வேலையில் போட்டார்கள். கல்லூரிக்கும் தகவல் போனது. மிஸ் கூப்பிட்டு நடந்ததை எல்லாம் கேட்டார். திட்டவும் இல்லை, சரி என்றும் சொல்லவில்லை. "இதுக்கு நான் உங்களுக்கு ஒண்ணும் சொல்லிக்குடுக்கலையே," என்றார். டிரெயினிங் மார்க் போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம் இருந்தது. ஆனால் என்னைத் தின்றது இன்னொரு பயம். அவர் ஊர் போய்ச் சேர்ந்தாரா? விமானத்தில் தனியாக உட்கார்ந்து என்ன ஆனாரோ? ஏஜெண்டிடம் கேட்க வாய் வரவில்லை. அம்மாவிடம் சொன்னேன். "உம்மேல இன்னாடி தப்பு? பேசாம துன்னுட்டுப் படு," என்றாள். ஆனால் அடுத்த நாள் பூசையில் முகம் தெரியாத அந்த அம்மாவின் ஆத்துமத்துக்காக அவளும் வேண்டிக்கொண்டாள்.

பத்து நாளுக்கு மேல் போயிருக்கும். மூன்றாம் மாடியில் தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்தபோது கீழிருந்து கூப்பிட்டார்கள். எனக்குப் போன். வேலையை விட்டு நிறுத்தத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன்.

அவருடைய அக்கா.

"அன்னைக்கு அந்த நிலைமையில உம்பேரு கூடக் கேக்கலம்மா," என்றார். "தம்பி நல்லபடியா வந்து சேந்தான். எல்லாக் காரியமும் முடிஞ்சிது." பிறகு சொன்னார்: "தெருமுனையில எறங்கும்போதே அழுதுகிட்டுதான் வந்தான். தெரியாம வந்திருந்தான்னா சிரிச்சிகிட்டே வந்திருப்பான். அத நெனச்சா எனக்கு ஈரக்கொலையே நடுங்குது. நாங்கதான் யோசிக்கல."

நான் "சரிங்கக்கா" என்றேன். மேனேஜர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். என்ன விஷயம் என்று கேட்டார், சொன்னேன். "ம்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் டிரெயினிங் முடியும்வரை என்னை மறுபடி கவுன்ட்டரில் நிறுத்தவில்லை.

டிப்ளமோ பாஸ் செய்தேன். முதல் வேலை ஆஸ்பத்திரி ஒன்றை ஒட்டிய விருந்தினர் விடுதியில், ரிசப்ஷனில் கிடைத்தது. நோயாளிகளின் சொந்தக்காரர்கள் தங்கும் இடம். இன்டர்வியூவில், முகத்தில் எதையும் காட்டாமல் இருக்க முடியுமா என்று கேட்டார்கள். "முயற்சி பண்றேன் சார்," என்றேன். அது வராது என்று எனக்குத் தெரியும். இப்போதும் யாராவது மாடியிலிருந்து வேகமாக இறங்கி வந்தால் என் கை வேர்க்கிறது. ஆனாலும் நின்றுகொண்டுதான் இருக்கிறேன்.