பனிமலை ஆற்றைப் பார்க்கப் போன பிலோமினா அக்கா

திங்கட்கிழமை காலை வழிபாட்டு மணி அடிக்கும் முன், பிலோமினா அக்காவின் தம்பி சைக்கிளில் வந்து பள்ளி வாசலிலேயே நின்றுவிட்டார். "அக்கா நம்மள விட்டுப் போயிட்டாவ, டீச்சர்" என்றார். காய்ச்சல் என்றுதான் அக்கா விடுப்பில் இருந்தார். நம் பள்ளியில் அவரிடம் பூகோளம் படித்த எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஆனால் அவரோடு காஷ்மீர் போனவள் நான் ஒருத்திதான்.

ஒருநாள் அவர் உப்பளத்திலிருந்து உப்பு வரவழைத்து, மணலோடு கலந்து, பள்ளி முற்றத்தில் மலையாகக் குவித்தார். அதன்மேல் தண்ணீர் ஊற்றினார். உப்பு கரையக் கரைய மணல் இறங்கி அடியிலிருந்த பள்ளத்தை மேடாக்கியது. உப்பு தீர்ந்ததும், மணல் சுமை குறைந்த தண்ணீர் அந்த மேட்டையே அறுத்துக்கொண்டு கீழே இறங்கியது. இரு பக்கமும் படிகள் நின்றன. "பனிமலை ஆறு இப்படித்தான். பனி உருகுனா மண்ணக் கொண்டாந்து மேடாக்கும், பொறவு தானே அறுத்துக்கும்" என்றார்.

தலைமையாசிரியைக்குத் தன் ரோஜாச் செடிகளைப் பற்றித்தான் கவலை. "உப்புத்தண்ணில எல்லாம் கருகிரும். இப்படி ஒரு ஆத்த நீ கண்ணால கண்டியா?" என்றார்.

"காணல. கண்டுட்டு வாரேன்."

எல்லைப் போர் முடிந்த மறு கோடையில் புறப்பட்டோம். அவருடைய அம்மா முதலில் மறித்தார். "கடலுக்குப் போன ஆம்பளையளுக்கே நித்தம் செபம் சொல்லுதேன். நீ மலைக்கு வேற போணுமாளா?"

"மலை முங்காதும்மா!"

அம்மா சிரித்துவிட்டார். கருவாடு வறுத்துக் கட்டிக் கொடுத்தார். அந்த வாசத்தில் ரயில் பெட்டியில் எங்களுக்குத் தாராளமாக இடம் கிடைத்தது.

காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் ஆறு எங்கோ கீழே இரைந்துகொண்டிருந்தது. இரு கரையிலும் படிபோல மேடுகள். அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினார். உச்சிக்குப் போய்ப் புல்லைப் பிடுங்கி, கையால் மண்ணைத் தோண்டினார். திடீரென்று ஒரு கூவல்.

"ஏளா செல்லக்கனி! இங்கன வா! எல்லாம் உருண்டைக் கல்லு! ஆறு முந்தி இவ்வளவு மேல ஓடியிருக்குடீ!"

மூச்சு வாங்க நான் ஏறியபோது, எங்களைக் கூட்டிவந்த மட்டக்குதிரைக்காரரின் கையிலும் ஒரு கல்லைத் திணித்துவிட்டு, அவருக்குப் புரியாத தமிழில் விளக்கிக்கொண்டிருந்தார். அவரும் தலையாட்டிச் சிரித்தார்.

ஊர் திரும்பியதும் தலைமையாசிரியை எல்லாப் பிள்ளைகளையும் கூட்டி அவரைப் பேசச் சொன்னார். மறுவருடம் உப்பு மூட்டையை அவரே வரவழைத்தார், செடிகளை விட்டுத் தள்ளி இறக்கும்படி.

அடக்கம் முடிந்தபின் அக்காவுடைய அம்மாவின் அருகில் உட்கார்ந்திருந்தேன். "அங்கன சந்தோசமா இருந்தாளா?" என்று கேட்டார். சொன்னேன். "இன்னொரு தடவ சொல்லு" என்றார். மறுபடியும் சொன்னேன். அந்த மேட்டில் கையெல்லாம் மண்ணாக நின்று என்னைக் கூப்பிட்ட அக்காவைத்தான் நான் நினைவில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.