அப்பாவுக்கு ஒரு பேச்சு டிஸ்க்

பக்கவாதம் வந்து, மருத்துவமனையிலிருந்து அப்பா பொங்கோல் அடுக்குமாடி வீட்டுக்குத் திரும்பியபோது அவருக்கு எல்லாம் புரிந்தது, சொல்லத்தான் வரவில்லை. வாயைத் திறந்தால் ஒரு முனகல் மட்டும். ஜூரோங் கப்பல் பட்டறையில் இயந்திர இரைச்சலுக்கு மேலே குரல் கொடுத்துப் பழகியவர். வீட்டுக்கு வந்த முதல் வாரம், உப்பு வேண்டும் என்று கேட்க முடியாமல் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

பேச்சுப் பயிற்சி தரும் பெண்மணி என் கணினிக்குச் சில காணொளிகள் அனுப்பினார். அவற்றைப் பார்த்து, உதட்டை அதேபோல அசைத்து, ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். "பக்கத்துல யாரும் இல்லைன்னாலும் அவரே போட்டுப் பார்க்கணும், அதுதான் முக்கியம்," என்றார்.

அங்கேதான் சிக்கல். வலது கை செயலிழந்திருந்தது. தம்பி கொடுத்த டேப்லெட்டில் இடது கட்டைவிரலை வைத்தால் படம் நின்றுவிடும், அல்லது விளம்பரம் வந்து மறைக்கும். ஒரு நாள் அதைச் சோபாவில் எறிந்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் டிவிக்குக் கீழே இருந்த பழைய டிவிடி பிளேயர் மட்டும் அவர் சொன்னதைக் கேட்டது. இடது கையால் டிஸ்க்கைப் போடுவார், ரிமோட்டைப் பார்க்காமலே சரியான பொத்தானை அழுத்துவார். பயிற்சியை அதற்குள் கொண்டுவந்தே தீர்வது என்று முடிவு செய்தேன்.

தம்பி போனில் சிரித்தான். "இப்ப யாரு அக்கா டிவிடி பார்க்கிறா? ஸ்மார்ட் டிவி வாங்கிடலாம் லா, சோ ஈஸி."

"உனக்கு ஈஸி. அவருக்கு இதுதான் ஈஸி," என்றேன்.

என் மடிக்கணினியில் டிஸ்க் போடும் இடமே இல்லை. டிஸ்க்கில் பதிய, வெளியே செருகும் ரைட்டர் ஒன்று வாங்கினேன். வெற்று டிஸ்க்குகள் தேக்கா சந்தைப் பக்கம், பழைய படங்கள் விற்கும் கடையில் கிடைத்தன. காணொளிகளை அப்படியே அவற்றில் பதிந்து பிளேயரில் போட்டால், 'நோ டிஸ்க்' என்று வந்தது. மறுபடி கடைக்குப் போனேன்.

"ஃபைலை அப்படியே காப்பி பண்ணிட்டீங்களாம்மா?" என்றார் கடைக்கார பாய். "அது கம்ப்யூட்டருக்குத்தான் புரியும். பட டிஸ்க் மாதிரி கன்வெர்ட் பண்ணணும். ஸ்லோவா ரைட் பண்ணுங்க. கடைசில டிஸ்க்கை முடிச்சு மூட ஃபைனலைஸ் பண்ண மறந்துடாதீங்க, இல்லாட்டி பழைய மெஷின் படிக்காது."

அவர் சொன்னபடி மாற்றினேன். இப்போது படம் வந்தது. ஆனால் உதடு முன்னால் போக, குரல் பின்னால் வந்தது. உதட்டைப் பார்த்துப் பேசப் பழக வேண்டியவருக்கு அது எதற்கு உதவும்? நொடிக்கு எத்தனை படங்கள் என்ற அமைப்பை மாற்றி மாற்றிப் பார்த்தேன். வீணான டிஸ்க்குகளை அம்மா, மைனா வராமலிருக்க, தாழ்வாரத்துச் செடிகளுக்கு மேல் கட்டித் தொங்கவிட்டார். அங்கே இடம் நிறைந்த பிறகே உதடும் குரலும் ஒன்று சேர்ந்தன.

அப்பா டிஸ்க்கைப் போட்டார். திரையில் அந்தப் பெண்மணி புன்னகையோடு, "வாட்டர்," என்றார். அப்பா சிறிது நேரம் பார்த்தார். பிறகு அணைத்துவிட்டார்.

ஏன் என்று எனக்குப் புரியவில்லை. அம்மாதான் சொன்னார்: "ஏன்டி, இவரு என்னைக்கு வீட்டுல வாட்டர் கேட்டாரு? தண்ணின்னுதானே கேப்பாரு."

பயிற்சிப் பெண்மணியிடம் கேட்டேன். தாராளமாகத் தமிழில் செய்யுங்கள் என்றார். அம்மாவை அறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினேன். அவர் சொற்களைச் சொல்ல, கைப்பேசியைச் செங்குத்தாகப் பிடித்துப் படம் எடுத்தேன். டிவியில் அம்மா ஒரு குச்சிபோல நடுவில் தெரிந்தார். படுக்கை வாக்கில் வைத்து, முகம் மட்டும் தெரிய மறுபடி எடுத்தேன். தண்ணி, உப்பு, வலி, போகலாம். ஒவ்வொரு சொல்லுக்கும் பிறகு, அப்பா திருப்பிச் சொல்ல, சற்று இடைவெளி விட வேண்டும். அம்மாவால் சும்மா இருக்க முடியவில்லை. "ம், சொல்லுங்க," "வாயை நல்லா திறங்க," என்று அந்த இடைவெளியையும் நிரப்பினார். அவற்றை வெட்டிவிட நினைத்தேன். பிறகு அப்படியே விட்டுவிட்டேன். தொடக்கத் திரையில் பெரிய எண்கள் வைத்தேன், ரிமோட்டில் எண்ணை அழுத்தினால் அந்தப் பகுதி வரும்படி.

திரையில் அம்மாவைப் பார்த்ததும் அப்பா சமையலறையைத் திரும்பிப் பார்த்தார். அங்கேயும் அம்மா. அவர் தோள்கள் குலுங்கின. நோய்க்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அதன்பின் தினமும் அவரே போட்டுக்கொண்டார். நாங்கள் அருகில் இருந்தால் வாயைத் திறக்க மாட்டார், நகர்ந்துவிட்டால் "த... த..." என்று கேட்கும். ஒரு சனிக்கிழமை காலை, டிவியில் அம்மா விடாமல், "இன்னொரு தடவ சொல்லுங்க, இன்னொரு தடவ," என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"போதும்டி!"

தெளிவாக, பட்டறைக் குரலில். டிஸ்க்கில் அந்தச் சொல்லே கிடையாது. சமையலறையில் குழாய் நின்றது. அம்மா ஈரக் கையோடு ஓடி வந்தார்.

"யாரச் சொன்னீங்க?"

அப்பா ரிமோட்டை டிவி பக்கம் நீட்டினார். அம்மா சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தார். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். அதற்குள்ளிருந்து வந்தது சிரிப்பா அழுகையா என்று நான் கேட்கவில்லை.

கோபத்திலும் பழக்கத்திலும் வரும் சொற்கள் சில நேரம் முந்திக்கொண்டு வரும், நினைத்த சொல்லை நினைத்தபோது சொல்வதற்கு இன்னும் உழைக்க வேண்டும் என்றார் பயிற்சிப் பெண்மணி. உழைத்தோம். சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. சில வந்துவிட்டு மறுநாள் காணாமல் போயின. ஒரு நாள் அப்பா என்னை ஜன்னலுக்கு இழுத்துப் போய், எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருந்த காப்பிக்கடையைக் காட்டி, தன் வாயைத் தொட்டார். தன் வாயால் காப்பி கேட்க வேண்டுமாம். "கோப்பி ஓ கொசோங்". வெறும் "கோப்பி ஓ" என்றால் பாலில்லாத, சீனி போட்ட கறுப்புக் காப்பி; "கொசோங்" என்றும் சொன்னால்தான் சீனி போட மாட்டார்கள். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், இருப்பதால் மருத்துவர் சீனி இல்லாததைத்தான் அனுமதித்திருந்தார். அடுத்த டிஸ்க் அதற்காகவே தயாரானது.

தயாராகிவிட்டதாக அவருக்கே தோன்றிய நாளில் மூவரும் இறங்கிப் போனோம். கடைக்காரச் சீன மாது அவர் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். பின்னால் வரிசை நீண்டது. உதவப் போன என் கையை அம்மா பிடித்துக்கொண்டார்.

"கோப்பி," என்றார் அப்பா. மூச்சு வாங்கினார். "ஓ."

அவ்வளவுதான். மாது தலையாட்டிவிட்டுச் சீனி போட்டே கலக்கிக் கொடுத்தார். அப்பா கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிக் குடித்தார்.

"கொசோங் ஏன் சொல்லல?" என்று அம்மா கேட்டார். அப்பா காலிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே உதட்டைத் துடைத்தார். அந்தச் சொல் அவருக்கு வரவில்லை என்று நான் நம்புகிறேன். வேண்டுமென்றேதான் விட்டார் என்கிறார் அம்மா.