மரம் வேண்டாம், ஜனம் வேண்டும்

மாமா உட்கார்ந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அந்தப் பச்சைத் துண்டு இன்னும் நாலாய் மடித்தபடியே கிடக்கிறது. மாமா என்றால் என் மாமனார். விழுப்புரம் - திண்டிவனம் தடத்தில் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். சர்க்கரையால் வலது கால் மரத்துப் போய், பிரேக்கை மிதிப்பதே தெரியவில்லை என்றானதும் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு உட்கார்ந்தார். பேச்சும் நின்றுபோனது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், சாப்பிட மாட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. நான் கணக்கு வேலை பார்க்கும் லேப்டாப்பில் பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்றை ஏற்றினேன். விரலால் ஓட்டக் கால் எதற்கு?

என் வீட்டுக்காரர் சிரித்தார். "கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்புல பஸ் கேமா? ஒரே பேஜாராப் பூடும். புதுசு ஒண்ணு தவணைல எடுத்துக்கலாம்" என்றார். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "என் ஒருத்தனுக்காவ எதுக்கு? இருக்கறதுல ஓட்டிக்கினு போலாம்."

வீட்டுக்காரர் சொன்னது போலவே படம் விக்கி விக்கித்தான் நகர்ந்தது. விளையாட்டின் செட்டிங்கில் எல்லாவற்றையும் ஆகக் குறைவில் வைத்தேன். வழுக்கிக்கொண்டு ஓடியது. மாமா செருப்பைக் கழற்றினார், துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்தார், கீபோர்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முதல் நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தியவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, ஒரு ஜனம்கூட இல்லியே. காலி வண்டிய ஓட்டிக்கினு எங்க போறது?"

எழுந்துவிட்டார். இப்போது போனால் இந்த மனுஷர் திரும்பி வந்து உட்காரவே மாட்டார். எல்லாவற்றையும் குறைத்த அவசரத்தில் பயணிகளையும் நான்தான் ஒழித்திருந்தேன். அவர்களை மறுபடி ஏற்றினால் படம் பழையபடி விக்கியது. எதை விட்டுவிடலாம் என்று அவரையே கேட்டேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார்.

"மரத்த எடுத்துடு. நெழலு, மழை எதுவும் வேணாம். கண்ணாடில பின்னாடி வர்ற வண்டி தெரியணும். ஜனம் இருக்கணும். அவ்ளோதான்."

ஓடியது. எந்த நாட்டுச் சாலையோ, மொட்டையாகக் கிடந்தது. ஆனால் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரம்மா ஏறினாள். "மல்லாட்டை மூட்டைய ஓரமா வைம்மா" என்றார் மாமா, அவள் வேர்க்கடலை மூட்டையோடு ஏறியது போல. முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு என்று ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் தன் பழைய தடத்துப் பேரை அவரே வைத்தார். ஜனம் ஏறிய பிறகும் வண்டியை எடுக்கமாட்டார். கண்டக்டர் சொல்ல வேண்டுமாம். அடுப்படியிலிருந்து நான் "ரைட், போலாம்" என்று கத்தினால்தான் நகரும். குழம்பு தீய்ந்தாலும் அந்த வேலையை நான் விடவில்லை. அன்றைக்கு ராத்திரி இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் அடுப்படிக்குள் போய் அழுதேன்.

போன வருஷம் மாமா போய்விட்டார். இப்போது வீட்டில் கார்டு போட்ட புது லேப்டாப் இருக்கிறது. கார்டு இல்லாமல் கேம் ஆட முடியுமா என்று அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால், ஆடுபவருக்கு எது வேண்டும் என்று முதலில் கேளுங்கள் என்பேன்.

நேற்று அதே விளையாட்டைப் புதியதில் போட்டுப் பார்த்தேன். மழை பெய்கிறது, இலை அசைகிறது, நிழல்கூட விழுகிறது. நிறுத்தத்தில் ஜனமெல்லாம் ஏறி உட்கார்ந்துவிட்டது. துண்டு கிடந்த நாற்காலியில் உட்கார மனம் வராமல் பக்கத்தில் நின்றபடி, "ரைட், போலாம் மாமா" என்றேன்.

வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.