கண்மணி கீழ் டேபிளுக்கு இறங்கிய ஞாயிற்றுக்கிழமை

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் ஆட்கள் யாரும் இறங்கி நான் பார்த்ததில்லை. அபார்ட்மெண்டில் ஆரம்பிப்பார்கள், டவுன்ஹவுஸுக்குப் போவார்கள், அப்புறம் நாலு பெட்ரூம் தனி வீடு. வேலை போனால்கூட வீட்டைச் சின்னதாக்கமாட்டார்கள், கிரெடிட் கார்டு பாக்கியைப் பெரிதாக்கிக்கொள்வார்கள். இப்படிப்பட்ட ஊரில், ஒரு பார்ட்டி கூட்டமே பார்த்துக்கொண்டிருக்க, சுவர் அகல டிவியில் ஒருத்தி இறங்கிக் காட்டினாள். அவளைப் பற்றி இப்போது வாய்க்கு வந்ததைப் பேசுகிறார்கள். நான் பக்கத்து டவுன்ஹவுஸ்காரி, தென்றல். அன்றைக்கு முழுக்க அவள் கூடவே இருந்தவள். பேசுகிறவர்கள் பாதிப்பேர் பாயசம் குடிக்க மேலே போய்விட்டவர்கள்.

கண்மணிக்கு நாற்பத்திரண்டு வயது. திருப்பூர்க்காரி. புள்ளியியலில் எம்.எஸ்ஸி. படித்துவிட்டு, கல்யாணமாகி டிபென்டன்ட் விசாவில் வந்து, வேலைக்குப் போக அனுமதி இல்லாமல் பல வருஷம் வீட்டில் துணி மடித்தவள். கிரீன் கார்டு வந்தபிறகு ஒரு மருந்து கம்பெனியில் டெஸ்டிங் வேலை கிடைத்தது. கணவர் சபரிநாதன் ஜெர்சி சிட்டியில் ஒரு பேங்குக்குக் கான்ட்ராக்டில் வேலை செய்கிறார். ஒரே மகள் வெண்பா, ஹைஸ்கூல். நம் தமிழ் எல்லாம் அவளுக்குப் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும்.

லாக்டவுன் சமயத்தில் கண்மணி ஆன்லைன் போக்கர் ஆட ஆரம்பித்தாள். நியூ ஜெர்சியில் அது சட்டப்படி சரி. ஜெயித்ததற்கு வருஷா வருஷம் டாக்ஸும் கட்டுகிறாள். "ஒளிச்சு வெக்கறதுக்கு நான் என்ன திருடியா?" என்பாள். இங்கே ஆண்கள் ஸ்டாக் ஆப்ஷன்ஸில் ஒரே வாரத்தில் கார் விலையைத் தொலைப்பார்கள், அதற்குப் பெயர் இன்வெஸ்ட்மெண்ட். கண்மணி லேப்டாப்பைத் திறந்தால் மட்டும் சூதாட்டம். இதைக் கேட்டாலே எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

அவள் ஆடுவதில் கண்ணைப் பறிக்கிற மாதிரி ஒன்றுமே இருக்காது. வரும் சீட்டுகளில் பெரும்பாலானவற்றைப் பந்தயம் கட்டாமலே மடித்துப் போட்டுவிடுவாள். அவளுடைய கெட்டிக்காரத்தனம் வேறு இடத்தில். ஆட்டத்துக்கென்று தனியாக ஒரு அக்கவுண்ட். வீட்டுப் பணம் அதற்குள் போகாது, அதிலிருப்பது வீட்டுக்கு வராது. ஒவ்வொரு டேபிளுக்கும் உட்காரும்போது கொண்டுபோக வேண்டிய தொகை ஒன்று உண்டு. அதைப்போல நாற்பது மடங்கு அக்கவுண்டில் சேர்ந்தால்தான் அந்த டேபிளில் உட்காருவாள். முப்பது மடங்குக்குக் கீழே போனால் அன்றைக்கே ஒரு படி கீழ் டேபிளுக்கு வந்துவிடுவாள். அழுகை, ஆத்திரம், இன்னும் ஒரே ஒரு கை பார்த்துவிடலாம் என்ற பேச்சு எதுவும் கிடையாது. ஐந்து டாலர் டேபிளில் ஆரம்பித்தவள் இப்படியே ஏறி, போன குளிர்காலத்தில் இருநூறு டாலர் டேபிளுக்கு வந்திருந்தாள்.

அந்த அக்கவுண்டுக்கு வீட்டில் 'நூல் காசு' என்று பெயர். அவளுடைய அப்பா திருப்பூரில் சின்னதாகப் பனியன் கம்பெனி வைத்திருந்தவர். நூல் வாங்க ஒதுக்கிய காசைச் சித்தப்பா எடுத்து ஒரு கார் வாங்கினார். கார் வாசலில் நின்றது, நூல் இல்லாமல் மெஷினும் நின்றது, அந்த வருஷமே கம்பெனியை மூடினார்கள். இதை அவள் சோகமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. சித்தப்பாவைத் திட்டித்தான் சொல்வாள், அதுவும் நல்ல கொங்கு வார்த்தைகளில்.

இந்தக் கோடையில் அவளுக்குச் சீட்டு சரியில்லை. நன்றாக ஆடினாலும் வாரக்கணக்கில் தோற்கிற காலம் வரும், அது இந்த ஆட்டத்தில் சகஜம் என்றாள். ஜூனில் இருநூறிலிருந்து நூறு டாலர் டேபிளுக்கு இறங்கினாள். ஜூலையிலும் சரிந்துகொண்டேதான் இருந்தது.

அப்போது பார்த்து சபரிநாதன் ஒரு காரியம் செய்தார். இரண்டு மைல் தள்ளிப் புதிதாகத் தனி வீடுகள் கட்டுகிறார்கள். அதில் ஒரு கிழக்குப் பார்த்த மனை அவர் மனதில் உட்கார்ந்துவிட்டது. அடுத்த வாரம் ஆடி பிறக்கிறது. ஆடியில் எதுவும் ஆரம்பிக்கக் கூடாது, ஆவணிவரை காத்திருந்தால் மனை போய்விடும். அதனால் ஆனி மாசத்துக் கடைசி முகூர்த்த வெள்ளிக்கிழமையில், நல்ல நேரம் பார்த்து, பில்டருக்கு ஐயாயிரம் டாலர் டோக்கன் கொடுத்துவிட்டு வந்தார். எது நடந்தாலும் திரும்பக் கிடைக்காத டோக்கன். இந்த ஊர் பில்டருக்கு ஆனியும் தெரியாது ஆடியும் தெரியாது, இவர் அவசரம் மட்டும் நன்றாகத் தெரிந்திருக்கும். சாயங்காலம் மைசூர்பாக்கோடு வந்துதான் மனைவியிடம் சொன்னார்.

சனிக்கிழமை வாக்கிங் போகும்போது கண்மணி என்னிடம் சொன்னாள்.

"டவுன் பேமெண்ட்டுக்கு எங்கீங்க காசுன்னு கேட்டேன். உன் நூல் காசு இருக்குல்லன்னாரு. அதையும் போட்டா பத்தாதேன்னேன். நீ ஒரு வீக்கெண்ட் பெரிய டேபிள்ல உக்காந்தா வந்துராதான்னு கேக்கறாரு தென்றல்! பெரிய டேபிள்னா என்ன, ஏடிஎம்மா?"

"நீ என்ன சொன்னே?"

"முடியாதுன்னேன். அவர் காதுல ஏறலை. நான் சும்மா பிகு பண்றேன்னு நெனைக்கறாரு."

மறுநாள் சேனாபதி வீட்டில் பார்ட்டி. சேனாபதிதான் எங்கள் வட்டத்துப் பெரிய மனிதர். மதுரைப் பக்கம், சொந்தமாக ஐ.டி. கம்பெனி, ஆறு பெட்ரூம் வீடு. அவர் பையனுடைய கிராஜுவேஷனுக்கு எல்லோரையும் கூப்பிட்டிருந்தார். என் வீட்டுக்காரர் கலிஃபோர்னியாவில் இருந்ததால் நான் கண்மணி குடும்பத்தோடு அவர்கள் காரிலேயே போனேன். கிளம்புமுன் கண்மணி அக்கவுண்டைப் பார்த்தாள். "முப்பதுக்குக் கீழ போயிருச்சு. இன்னைக்கு அம்பது டாலர் டேபிளுக்கு எறங்கணும்" என்று என்னிடம் சொன்னாள். குரலில் ஒரு வருத்தமும் இல்லை.

சாப்பாடு ஆனதும் சேனாபதி எங்களை பேஸ்மெண்டுக்குக் கூப்பிட்டார். அங்கே சுவரை அடைத்து ஒரு டிவி, எதிரே சோபாக்கள். சபரிநாதன் எல்லாவற்றையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. வீடு புக் பண்ணியது, கண்மணி ஆடிப் பணம் கொண்டுவரப்போவது, எல்லாமே. அவளுடைய லேப்டாப்பையும் அவரே காரில் எடுத்துவந்து கொடுத்திருந்தார்.

"கண்மணி, நம்ம ஆளுங்கள்ல ஒரு பொண்ணு போக்கர்ல வீடு வாங்கப் போகுதுன்னா எங்களுக்கெல்லாம் பெருமைதானம்மா. லேப்டாப்பை டிவில கனெக்ட் பண்ணியாச்சு. ஒரு ரெண்டு கை ஆடிக் காட்டு, எல்லாரும் பாக்கட்டும்" என்றார் சேனாபதி.

கூட்டம் பிரியாணித் தட்டோடு சோபாவைச் சுற்றி நின்றது. சபரிநாதன் முகத்தில் மாப்பிள்ளைக் களை. அவர் மனைவியின் காதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"ஆயிரம் டாலர் டேபிள்ல உக்காரு. ஒரே ஒரு தடவை."

கண்மணி லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். சைட் அவள் நியூ ஜெர்சிக்குள் இருக்கிறாளா என்று சரிபார்த்தது, அப்புறம் டேபிள்களின் வரிசை அவ்வளவு பெரிய டிவியில் விரிந்தது. மேலே ஆயிரம், ஐநூறு, இருநூறு. மௌஸ் அம்பு கீழே போனது. இன்னும் கீழே போனது. எல்லோரும் பார்க்க, ஐம்பது டாலர் டேபிளைத் திறந்து உட்கார்ந்தாள்.

"தப்பா கிளிக் பண்ணிட்டே" என்றார் சபரிநாதன்.

"இல்லீங்க. இன்னைக்கு என் டேபிள் இதுதான்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "என்னம்மா, சென்ட் கணக்குல ஆடறே! எங்க வீட்டு ரம்மியே இதைவிடப் பெருசு" என்றார் சேனாபதி. கண்மணி காதில் வாங்கவில்லை. முதல் சீட்டு வந்தது, மடித்தாள். அடுத்ததையும் மடித்தாள். அதற்கடுத்து இரண்டு ராஜா வந்தது. இந்த ஆட்டத்தில் அது பெரிய சீட்டு, பேஸ்மெண்டே டிவி பக்கம் நகர்ந்தது. அவள் பந்தயத்தை உயர்த்தினாள், எதிரே இருந்தவர்கள் எல்லோரும் விலகிவிட்டார்கள். கிடைத்தது, ஆரம்பத்திலேயே நடுவில் கட்டாயமாக வைத்திருந்த முக்கால் டாலர்.

பேஸ்மெண்ட் அதிரச் சிரித்தது. சபரிநாதன் மட்டும் சிரிக்கவில்லை, அவர் காதுமடல் சிவந்துவிட்டது. எனக்கும் ஒரு நிமிஷம் அவள் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிப்போய்விடலாம் என்று இருந்தது. அவளோ முக்கால் டாலரையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு அடுத்த சீட்டைப் பார்த்தாள். மறுபடி மடித்தாள். அரைமணி நேரம் இப்படியே போனது. சும்மா மடித்துக்கொண்டே இருப்பதை எவ்வளவு நேரம் பார்ப்பார்கள்? பாயசம் என்று மேலே குரல் கேட்டதும் பாதிக் கூட்டம் கரைந்தது. மீதிப்பேர் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கப் போனார்கள்.

கடைசியில் நாங்கள் சில பேர்தான் மிச்சம். சேனாபதிக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர் வீட்டு டிவியில் அல்லவா இந்த அற்பக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது!

"கண்மணி, பயமா இருந்தா சொல்லு. நான் ஆயிரம் டாலர் தர்றேன், இப்பவே உன் அக்கவுண்டுக்கு அனுப்பறேன். தோத்தா திருப்பித் தர வேணாம். மேல உக்காரு."

சபரிநாதன் முகம் மலர்ந்தது. "அண்ணனே தர்றாருல்ல. ஆடேன்."

கண்மணி லேப்டாப்பிலிருந்து முதல் தடவையாகத் தலையைத் தூக்கினாள்.

"அண்ணா, நான் தோத்தா உங்களுக்கு பார்ட்டில சொல்ல ஒரு கதை. ஜெயிச்சா இவருக்கு ஒரு வீடு. எனக்கு என்னங்கண்ணா?"

"அப்படி இல்லம்மா..."

"பயமான்னு கேட்டீங்க. ஆமாங்கண்ணா, பயம்தான். பயம் இருக்கறதாலதான் அஞ்சு வருசமா என் அக்கவுண்ட் காலியாகாம இருக்குது. போன வருசம் ஆப்ஷன்ஸ்ல நீங்க விட்டீங்களே, அன்னைக்குக் கொஞ்சம் பயந்திருந்தா இந்த பேஸ்மெண்ட்டை ரெண்டு தடவை கட்டியிருக்கலாம்."

சேனாபதி சபரிநாதனைப் பார்த்தார். சபரிநாதன் கார்ப்பெட்டைப் பார்த்தார். அந்த ரகசியம் யார் மூலம் கண்மணிக்கு வந்தது என்பது அந்த அறையில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது, இதில் ஒளிக்க என்ன இருக்கிறது.

கண்மணி இன்னும் கொஞ்ச நேரம் ஆடினாள். எழுந்திருக்கும்போது பதினோரு டாலர் கூடியிருந்தது. லேப்டாப்பை மூடி, பையில் வைத்து, சேனாபதி மனைவியிடம் பிரியாணி ரொம்ப நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்து காரில் ஏறினாள்.

ரூட் பதினெட்டில் வண்டி போய்க்கொண்டிருந்தது. முன் சீட்டில் அவர்கள் இருவரும், பின் சீட்டில் நானும் வெண்பாவும்.

"என் மானத்தையே வாங்கிட்டே" என்றார் சபரிநாதன்.

"நான் எறங்கினதுக்கு உங்க மானம் ஏனுங்க போகுது?"

"நாப்பது பேர் முன்னாடி அம்பது டாலர் டேபிள்! உன்கிட்ட அவ்வளவு காசு இருக்கு, அதை வெச்சிக்கிட்டு..."

"இருக்குது. இருக்கட்டும். அது நான் வேலை செய்யற காசுங்க. அதை எடுத்து சுவரா கட்டிட்டா நாளைக்கு நான் எதை வெச்சு ஆடறது? பத்து வருசம் இந்த ஊர்ல ஒரு டாலர் சம்பாதிக்க எனக்குப் பர்மிஷன் இல்லை. ஒவ்வொரு சேலைக்கும் உங்ககிட்ட கேட்டு நின்னேன். இது ஒண்ணு யாரையும் கேக்காம நான் உண்டாக்கினது. இதுல கை வெக்க உங்களையும் விடமாட்டேன், என்னையும் விடமாட்டேன்."

வெண்பா காதிலிருந்த இயர்பட்ஸைக் கழற்றிவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப வீடு?" என்றார் சபரிநாதன்.

"உங்க கான்ட்ராக்ட் டிசம்பர்ல முடியுது. ரின்யூ ஆகுமான்னு உங்களுக்கே தெரியாது. அந்த வீட்டுக்கு நம்மகிட்ட காசு பத்தாது. சேந்ததும் வாங்குவோம்."

"டோக்கன் திரும்ப வராது, தெரியுமில்ல?"

"தெரியும்."

"ஐயாயிரம் டாலர், கண்மணி! ஐயாயிரம்! அதுக்காகவாவது..."

"அது உங்க டேபிள்ல நீங்க தோத்ததுங்க" என்றாள் கண்மணி. "அதோட எந்திரிச்சு வாங்க."

எங்கள் தெரு வந்தது, சபரிநாதன் வண்டியைத் திருப்பினார். திங்கட்கிழமை காலை, ஆபீஸ் ரயிலைப் பிடிக்குமுன், டிரைவ்வேயில் நின்றபடியே பில்டருக்குப் போன் போட்டு வீடு வேண்டாம் என்று சொன்னார்.